பழைய காகிதமா, பிள்ளையின் படமா?

பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் கட்டில் செய்தித்தாள்கள் மட்டுமா இருக்கின்றன? முடிந்துபோன நோட்டுகளும், அவற்றுக்கிடையே நாங்கள் வரைந்த படங்களும் இருக்கின்றன. ஓவியப் போட்டியில் பெற்ற சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் கிடைக்கிறது; படத்திற்கோ பரணில்கூட இடமில்லை. இது முறைதானா என்று மாணவியராகிய நாங்கள் பெற்றோரைப் பணிவுடன் கேட்க விரும்புகிறோம்.

"கோணல்மாணலான கிறுக்கலைக் காத்து வைப்பதால் என்ன பயன்?" எனச் சிலர் வினவலாம். ரஷ்ய நாட்டின் நோவ்கொரோத் நகரில் 1956ஆம் ஆண்டு அகழ்வாராய்ச்சியாளர்கள் பிர்ச் மரப்பட்டைத் துண்டுகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்னும் சிறுவன் எழுத்துப் பயிற்சி செய்த பட்டைகள் அவை. பயிற்சியின் நடுவே, குதிரைமேல் அமர்ந்து பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, அருகில் தன் பெயரையே எழுதிவிட்டான்! அவன் வரைந்த மனிதரின் கைவிரல்களை எண்ணினால் கணக்குச் சரிவராது. ஆயினும் எழுநூறு ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு பிள்ளையின் உள்ளத்தை அப்படம் நமக்குக் காட்டுகிறதன்றோ?

ஒன்ஃபிமின் படங்களைக் காத்தது நோவ்கொரோதின் ஈர மண். கொச்சியில் வாழ்ந்த கிளின்ட் என்னும் சிறுவனின் படங்களைக் காத்தவர்களோ அவனைப் பெற்றவர்கள். 1976இல் பிறந்து, ஏழு வயது நிறையுமுன்பே 1983இல் மறைந்த அவன் வரைந்தவை ஏறத்தாழ 25,000 என்பர். பெற்றோர் பேணி வைத்ததால்தான் இன்று உலகம் அவனை அறிகிறது.

எல்லாரும் கிளின்ட் ஆகிவிட முடியாது. எல்லாப் படங்களையும் வைக்க வீட்டில் இடமும் இராது. நாங்கள் கேட்பது சிறிதே. கூடத்தில் வெயில் படாத சுவரில் ஒரு கயிறு கட்டித் துணிக் கிளிப்புகளால் படங்களை மாட்டுங்கள். வெயில் பட்டால் ஸ்கெட்ச் பேனா வண்ணம் வெளுத்துவிடும். செலோடேப் ஒட்டினால் நாளடைவில் மஞ்சள் கறை பிடிக்கும். மாதம் ஒருமுறை படங்களை மாற்றலாம்.

ஆண்டு முடிவில் பத்துப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பரிசு பெற்றது எது என்று பார்க்க வேண்டாம். அட்டைக் கோப்பில் மடிக்காமல் இட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் ஈரமும் கரையானும் எளிதில் அணுகா. மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை காற்றாட விடுதல் நன்று. மற்றவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளையிடம் சொல்லிவிட்டு அகற்றலாம். சொல்லாமல் எறிவதே மனத்தை வருத்துகிறது.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், வயது, தேதி மூன்றையும் எழுதுவது நம் வேலை. தம்பி தங்கையரின் படங்களுக்கும் நாமே எழுதித் தருவோம்.

மதிப்பெண் பட்டியல் நாங்கள் எவ்வளவு கற்றோம் என்பதைச் சொல்லும். ஏழு வயதில் எதைக் கண்டு வியந்தோம், எதற்கு அஞ்சினோம் என்பதை அன்று வரைந்த படமே சொல்லும். படிப்புக்கும் வேலைக்குமாக நாங்கள் வெளியூர் சென்றபின் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்தாம். ஆதலின், அன்புப் பெற்றோரே, எங்களுக்காக மட்டுமன்று, உங்களுக்காகவும் இவ்வேண்டுகோளை வைக்கிறோம்.