கறை யாருடையது?

துணியில் பட்ட கறையைப் போக்குவது வெறும் கைவேலை என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது ஒரு சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தை ஒரு பக்கம் விளம்பரக்காரர்களும் மறுபக்கம் அவசரக் குறிப்பு எழுதுகிறவர்களும் கெடுத்து வருகிறார்கள். அதை உண்மையில் அறிந்திருந்தவர்களையோ நாம் வாசற்படிக்கு அப்பால் நிறுத்தி வைத்தோம். இந்த மூன்று அநியாயங்களையும் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

முதலாவது, எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்னும் பொய். கறை என்ன, ஒரே ஜாதியா? ரத்தக் கறையில் இருப்பது புரதம். வெந்நீரில் போட்டால், முட்டை வெந்து இறுகுவதுபோல் அது இறுகி நூலைப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பச்சைத் தண்ணீர்தான் மருந்து. அதுவும் கறை காய்வதற்கு முன். மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் சிவந்து போகும். உடனே துணி பாழாயிற்று என்று பதறுகிறார்கள். காரத்தைக் கண்டால் சிவப்பது மஞ்சளின் குணம். நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். மிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்வான். இரும்புத் துருவிடம் வெளுப்புத் தூளின் ஜம்பம் சாயாது. வெள்ளைப் பருத்தித் துணியானால் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி, சற்று வெயிலில் வைத்து அலசினால், அந்தப் புளிப்பு துருவைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். நீலம் போடுவதும் அழுக்கு நீக்குவதாகாது. துணியின் பழுப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். அவ்வளவே அதன் வேலை.

"ஐயா, காலம் மாறிவிட்டது; நொதி கலந்த சலவைத் தூள் வந்துவிட்டது" என்று சிலர் சொல்லலாம். வரட்டும், நல்ல பொருள்தான். ஆனால் அந்த நொதிகளும் என் கட்சியையே பேசுகின்றன. புரதத்துக்கு ஒரு நொதி, கொழுப்புக்கு ஒன்று, கஞ்சிப் பசைக்கு ஒன்று என்று தனித்தனியாகவே அவற்றைச் சேர்க்கிறார்கள். கறைக்குக் கறை வைத்தியம் வேறு என்பது தொழிற்சாலைக்குத் தெரியும். விளம்பரத்துக்கு மட்டும் தெரியாது!

இரண்டாவது அநியாயம் உயிரோடு விளையாடுவது. வெளுப்புத் தூளோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று யோசனை சொல்லுகிறார்கள். இரட்டைப் பலன் உண்டுதான்: துணியோடு நுரையீரலும் வெந்து போகும். அந்தக் கலவையிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் எதிரிகள்மேல் திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். அதைக் காற்றோட்டமில்லாத குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ரவிக்கைக் கறைக்காகத் தயாரிக்க வேண்டுமா? மேலே சொன்ன எலுமிச்சைக்கும் இதே விதிதான். வெளுப்புத் தூளின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். பட்டையும் கம்பளியையும்கூடக் கொண்டுபோக வேண்டாம். அவையும் புரத நூல்களே, அரித்துப் போகும்.

மூன்றாவது அநியாயத்தைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உவர்மண்ணில் காரம் இருக்கிறது, அது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் என்று எந்த ஆராய்ச்சிக்கூடமும் சொல்லாமலே அறிந்தவர்கள் நம் வண்ணார்கள். துணியை அதில் தோய்த்து, வெள்ளாவியில் வேகவைத்து, ஆற்றங்கரை வெயிலில் உலர்த்தினார்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அறியச் சேராங்கொட்டைப் பாலால் குறியிட்டார்கள். எத்தனை வெளுப்புக்கும் அந்தக் குறி அழியாது. கறையைப் போக்கவும் தெரியும், போகாத கறையை வைக்கவும் தெரியும் என்றால் அது சாதாரண ஞானமா?

இதற்கு நாம் கொடுத்த சன்மானம் என்ன? பிரசவத் துணியையும் மாதவிலக்குத் துணியையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, அவர்களையே தீட்டு என்றோம். தாழ்த்தப்பட்ட மக்களின் துணிகளைத் துவைத்த புரத வண்ணாரைக் கண்ணால் கண்டாலே தீட்டு என்று, பகலில் வெளியே வரவிடாமல், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே துவைக்க வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் நடந்த இந்தக் கொடுமை 1932 டிசம்பரில் பத்திரிகையிலேயே செய்தியாக வந்தது. கறையை உண்டாக்கினவன் சுத்தம். கறையைப் போக்கினவன் அசுத்தம்! இப்படி ஒரு தர்க்கம் உலகத்தில் வேறெங்கே உண்டு?

இன்று பல வீடுகளில் அந்த மூட்டையைப் பெண்ணின் தலைக்கு மாற்றியிருக்கிறோம். மகன் சேற்றில் புரண்டு வருகிறான். கறை நல்லது என்று விளம்பரத்துத் தாய் சிரிக்கிறாள். யாருக்கு நல்லது? பள்ளிக்கூடத்தில் அமிலமும் காரமும் படிக்கிற பையன், அந்தப் பாடத்தை வீட்டு வாளியில் தன் சட்டையைப் போட்டுச் செய்து பார்க்கட்டும். அவன் தகப்பனாரும் பக்கத்தில் உட்கார்ந்து தம் வேட்டியைத் துவைக்கட்டும். தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டுமா, சூடாக இருக்க வேண்டுமா என்பதை அந்தத் தாய் சொல்லிக்கொடுப்பாள்.