அட்டை வாங்கும் பையனும் அப்பாவின் பையும்

சட்டைப் பையில் பத்து ரூபாய். ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன் நேரே கடைக்கு ஓடுகிறான். கிரிக்கெட் அட்டைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கடை வாசலிலேயே கிழிக்கிறான். உள்ளே இருப்பது யார்? முந்தாநாள் வந்த அதே ஆட்டக்காரர்! முகம் வாடிவிடுகிறது. நாளையும் பத்து ரூபாய் கேட்பான்.

"காசைக் கரியாக்குகிறான்" என்று அப்பா சீறுகிறார். அந்தச் சீற்றத்தில் பாதிதான் நியாயம். படம் சேர்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதா என்ன? பக்கத்தில் தீப்பெட்டிக்குப் பேர்போன சிவகாசி. தீப்பெட்டிப் படத்தையும் சிகரெட் அட்டையையும் தெருத் தெருவாகப் பொறுக்கியவர்கள்தாம் இன்று அப்பாக்களாகவும் தாத்தாக்களாகவும் இருந்து கோபிக்கிறார்கள். அவர்களுக்குக் காசு செலவில்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.

விளையாட்டு வீரர் அட்டை பரவலானது சிகரெட் பெட்டி வழியாகத்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், மெல்லிய பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே அட்டை வைத்தார்கள். அட்டை சும்மா இருப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். இங்கிலாந்துக்காக ஆடிய நம் ரஞ்சித்சிங்ஜியும் அந்த அட்டைகளில் இடம் பெற்றார். பிறகு புகையிலை போய் மிட்டாய் வந்தது. நம் நாட்டில் 1990-களில், பிக் ஃபன் பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் படத்துக்காகவே கம் மென்று தாடை நொந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்!

ஆசை தவறல்ல. வாங்கும் முறையில்தான் கோளாறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறவர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசை நீட்டுவாரா? அட்டைப் பொட்டலத்துக்கு மட்டும் நீட்டுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு வரிசையில் 100 அட்டைகள்; ஓர் அட்டை பத்து ரூபாய்; எல்லா அட்டையும் சம அளவில் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வரிசை சேர, சராசரியாக 69 அட்டை வாங்கினால் போதும். சுலபமாக இருக்கிறதே என்று பையன் மயங்குவது இங்கேதான். முழு வரிசையும் சேர வேண்டுமானால் சுமார் 519 அட்டை வாங்க வேண்டும்! அதிலும் 90 சேர்வதற்கு 226 ஆகும். மிச்சமுள்ள பத்தே பத்துக்கு 293 ஆகும். அதாவது கடைசிப் பத்து முகங்களுக்காக 2,930 ரூபாய். சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிடும் வழக்கமும் உண்டு. அப்போது கணக்கு இன்னும் மோசம்.

ஆகவே பாதி சேர்ந்ததும் பொட்டலத்தை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்வதுதான் வழி. இவனிடம் இரண்டாக இருப்பது அவனிடம் இல்லை. அவனிடம் இரண்டாக இருப்பது இவனிடம் இல்லை. மாற்றியும் கிடைக்காத ஐந்தாறு அட்டைகளை உதிரியாக, இன்ன அட்டை என்று கேட்டே வாங்கலாம். ஒன்றுக்கு 50 ரூபாய் கொடுத்தாலும் பத்து அட்டைக்கு 500 ரூபாய்தான். ஆனால் ஒன்றிரண்டு அட்டைக்காக வெளியூரிலிருந்து தருவித்தால் தபால் செலவு அட்டையின் விலையை விழுங்கிவிடும். நாலு பேராகச் சேர்ந்து தருவிப்பதே புத்திசாலித்தனம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, முழுக் கட்டும் ஒரே பெட்டியில் வரும் டிரம்ப் கார்டு இருக்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. உடனே உட்கார்ந்து விளையாடலாம்.

"பின்னால் விலை ஏறும், முதலீடு" என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் 1952-ம் வருஷத்து அட்டை ஒன்று, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது மெய்தான். நம் பணத்தில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்! ஆனால் அதன் பூர்வகதை என்ன? அந்த வருஷத்து அட்டைகளில் விற்காமல் தேங்கியவற்றை, டாப்ஸ் கம்பெனி 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டிவிட்டது. மிஞ்சியது அபூர்வமாயிற்று. இதைப் பார்த்து 1980-களின் கடைசியில் அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைத்தார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? அந்த அட்டைகளில் பெரும்பாலானவை இன்று காகித விலைக்கும் போவதில்லை.

அப்பா செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதத்துக்கு இவ்வளவு என்று பையன் கையிலேயே கொடுத்துவிட்டு, இருக்கிற அட்டை, இல்லாத அட்டை, இரட்டை அட்டை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம். அத்தை மகனிடம் இரட்டை அட்டை எத்தனை இருக்கிறதோ, யார் கண்டது!