என் மாடல் 0.94 என்றது, பெரியம்மா டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்

போன பிப்ரவரியில் என் பெரியப்பாவுக்குக் காசநோய் இருப்பதாக என் லேப்டாப் சொன்னது. 0.94 என்று சொன்னது. உங்களில் பாதிப் பேருக்கு அது என்ன நம்பர் என்று தெரியும். ஃபைனல் லேயரில் சிக்மாய்டு போட்டால் வருமே, அதுதான்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மார்பு எக்ஸ்-ரேயைப் பார்த்துக் காசநோய் கண்டுபிடிக்கும் மாடல். செகண்ட் ரிவியூவில் அக்யூரசி 97 சதவீதம். அந்தக் குஷியில் திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்-ரே பீரோ மேல இருந்தது. "இதப் போட்டுப் பாரேன், இன்னா சொல்லுது உன் மிசினுன்னு பாப்போம்" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து மொபைலில் போட்டோ எடுத்தேன். ரன் பண்ணினேன். 0.94.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கணும். மூடல. "பெரியப்பா, எதுக்கும் ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்றேன். பெரியம்மா ஒண்ணும் பேசல. அன்று ராத்திரியே அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விட்டன. அந்த வாரம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது, அதையும் தள்ளி வைத்தார்கள்.

பெரியப்பாவுக்கு 2011-இல் காசநோய் வந்து, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு முழுசா குணமானவர். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை செய்தார்கள். நாலு நாள் கழித்து நெகட்டிவ் என்று வந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "இது பழைய தழும்பு. படத்துல தழும்பு தெரியும். கிருமி இப்ப இருக்கா இல்லையான்னு சளிதான் சொல்லும்."

இந்தக் கட்டுரை அந்த நாலு நாளைப் பற்றியது. அதற்குப் பொறுப்பு யார் என்பதைப் பற்றியது. "ஏ.ஐ. ஃபார் ஹெல்த்கேர்" என்று டைட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு டீமும் படிக்கணும் என்று நினைத்து எழுதுகிறேன். படித்ததெல்லாம் இங்கிலீஷ் மீடியம், தமிழில் தடுமாறினால் பொறுத்துக்கோங்க.

800 படங்களில் யார் இருக்கிறார்கள்?

நாங்கள் ட்ரெயின் பண்ணியது எல்லோரும் எடுக்கும் அதே இரண்டு டேட்டாசெட். சீனாவின் ஷென்செனிலிருந்து 662 படங்கள், அமெரிக்காவின் மான்ட்கோமரி கவுண்டியிலிருந்து 138 படங்கள். மொத்தம் 800. இரண்டையும் வெளியிட்டது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். நல்ல டேட்டாசெட்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் மாடலுக்குத் தெரிந்த உலகம் "நார்மல்", "காசநோய்" என்ற இரண்டு டப்பாதான். "வந்து குணமானவர்" என்று மூணாவது டப்பா அதற்குக் கிடையாது.

இப்போது எங்க ஏரியாவை யோசிங்க. 2011 வரைக்கும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. ராயபுரம் பக்கம் துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி படிந்த கதையை எங்க பாட்டி இன்னும் சொல்லும். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது, அதாவது தூசி கொஞ்சம் வடக்கே நகர்ந்தது. அனல்மின் நிலையத்தின் சாம்பல், மணலியின் புகை, நாள் முழுக்க கன்டெய்னர் லாரி. தூசியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் போன்ற நோய்கள் எக்ஸ்-ரேயில் காசநோய் மாதிரியே தெரியக்கூடும் என்பது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. எங்கள் மாடலுக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வைவாவில் யாரும் கேட்கவும் இல்லை. எத்தனை எபாக், எந்த ஆப்டிமைசர், ஃப்யூச்சர் ஸ்கோப் என்ன, இவ்வளவுதான் கேட்டார்கள். ஃப்யூச்சர் ஸ்கோப்பில் "மொபைல் ஆப்" என்று எழுதியிருந்தோம். அந்த மொபைல் ஆப் என்ன பண்ணும் என்பதை நான் டோல்கேட்டில் நேரில் பார்த்துவிட்டேன்.

97 சதவீதம் என்றால் என்ன?

ஒரு கணக்குப் போடுவோம். 1000 பேர் இருக்கும் ஒரு தெருவில் 5 பேருக்கு நிஜமாகவே காசநோய் இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மாடல் நோய் உள்ளவர்களிலும் 97 சதவீதம் சரி, இல்லாதவர்களிலும் 97 சதவீதம் சரி. அந்த 5 பேரையும் அநேகமாகப் பிடித்துவிடும். மீதி 995 பேரில் 3 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 30 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 35 பேருக்குச் சிவப்பு விளக்கு எரியும், அதில் 30 பேருக்கு நோயே இல்லை. 30 வீட்டில் 30 டம்ளர் தனியாகப் போகும்.

"அப்போ த்ரெஷோல்டை ஏத்து மச்சான்" என்பீர்கள். ஏற்றலாம். 30 என்பது 10 ஆகும். கூடவே அந்த 5 பேரில் ஒன்றிரண்டு பேர் தப்பிவிடுவார்கள். மாத்திரை இல்லாமல் வீட்டுக்குப் போய், இருமி, வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் கொடுப்பார்கள். இரண்டில் எந்தத் தப்பு பரவாயில்லை? இதற்கு எந்த லைப்ரரியிலும் ஃபங்ஷன் இல்லை. எங்கள் கோடில் 0.5 இருந்தது. நாலு பேர் டீமில் யாரும் அதை முடிவு பண்ணவில்லை, டீஃபால்ட்டாக வந்து உட்கார்ந்தது.

இதைத் தேடிப் படித்தபோதுதான் ரிச்சர்ட் ரட்னர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1953-இல் எழுதிய ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அவர் வாதம் ரொம்ப நேரடியானது. எந்த விஞ்ஞான முடிவும் நூறு சதவீதம் உறுதி கிடையாது. அப்படியென்றால் எவ்வளவு உறுதி போதும் என்று யாராவது முடிவு பண்ணியாகணும். தப்பாகப் போனால் நஷ்டம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அந்த முடிவை எடுக்க முடியும். ஒரு மருந்தில் ஆளைக் கொல்லும் அளவு விஷம் இல்லை என்று சொல்வதற்குத் தேவைப்படும் உறுதி வேறு, பெல்ட் பக்கிள் லாட்டில் குறை இல்லை என்று சொல்வதற்கு வேறு. ஆகவே விஞ்ஞானி விஞ்ஞானியாக இருக்கும்போதே சரி, தப்பு என்ற மதிப்பீட்டையும் செய்கிறார் என்கிறார் ரட்னர்.

தத்துவம் என்றால் ஆர்ட்ஸ் காலேஜ் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய அடி. என் கோடின் 212-ஆவது வரியில் ஒரு தத்துவக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதை நான் பக்கிளா, மருந்தா என்று பார்க்காமலே சப்மிட் பண்ணியிருக்கிறேன்.

டேட்டா பொய் சொல்லவில்லை, ஆனாலும்...

நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் அபாயம் அதிகம் என்று கணிக்க 1990-களில் அமெரிக்காவில் மாடல்கள் செய்தார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று ஒரு மாடல் கற்றுக்கொண்டது. நம்பவே முடியாத முடிவு, ஆனால் டேட்டாவில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. காரணம், ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றால் டாக்டர்கள் நேராக ஐ.சி.யூ.வில் சேர்த்துவிடுவார்கள். நல்ல கவனிப்பு கிடைத்ததால் பிழைத்தார்கள். அந்த மாடலை நம்பியிருந்தால் அதே ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ரிச் கருவானா என்ற ஆய்வாளர் 2015-இல் இதை விரிவாக எழுதினார். டாக்டர் ஒருத்தர் கூட உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும் தப்பு இது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கோங்க. கொரோனா சமயத்தில் நம் எல்லார் வீட்டிலும் ஒன்று வந்தது. 2020-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் நிஜமாகவே குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. தோலின் நிறம் வெளிச்சம் ஊடுருவுவதைப் பாதிக்கிறது. காசிமேட்டில் வெயிலில் நின்று வலை இழுக்கும் ஒருவர் விரலில் அதை மாட்டும்போது இந்த விஷயம் நம் ஞாபகத்தில் இருக்கணுமா, வேண்டாமா?

அதற்காக விட்டுவிடலாமா?

கூடாது. நான் அந்தக் கட்சி இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் ஸ்க்ரீனிங் செய்யும்போது எக்ஸ்-ரேயைக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021-இல் பரிந்துரைத்தது. படம் பார்க்க ஆள் இல்லாத ஊர் எவ்வளவோ இருக்கு. விஷயம் என்னவென்றால் அது ஸ்க்ரீனிங். அதற்குப் பின்னால் சளி பரிசோதனை இருக்கு, டாக்டர் இருக்கார். என் மாடலுக்குப் பின்னால் பெரியம்மாதான் இருந்தார்.

சரியாகச் செய்வது எப்படி என்று கற்க வெளிநாடு போக வேண்டாம், சேத்துப்பட்டு போதும். 1956-இல் அங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கணும், நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு வேணும் என்பதுதான் நம்பிக்கை. மெட்ராஸின் ஏழைகளுக்கு அவ்வளவு படுக்கை எங்கே? 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை சானடோரியத்துக்கும் சிலரை மாத்திரையோடு குடிசை வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஒரு வருஷத்தில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும், வீட்டில் 86 சதவீதம் பேரும் தேறினார்கள். சாப்பாடு மோசம், இடம் நெருக்கம், அப்படியிருந்தும். 1959-இல் இந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையே மாறியது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த சதவீதம் இல்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றுமே, அது நியாயமா என்று முதலிலேயே கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் அந்தக் குடும்பங்களையும் அஞ்சு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். கூடுதலாகத் தொற்றவில்லை என்று தெரிந்தது. தத்துவக் கேள்வி, மருத்துவக் கேள்வி, புள்ளியியல் கேள்வி மூன்றும் ஒரே ஆய்வில் இருந்தன.

இன்றைய உதாரணமும் இருக்கு. தமிழக அரசு 2022-இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டம். ஆயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதில் பங்கு. ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் ஐந்தே விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. டீப் லேர்னிங் இல்லை, ஜி.பி.யூ. இல்லை. இதில் தேறாதவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்பது திட்டத்தின் விதி. 2025-இல் இதன் மேல் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் மாடலையும் சேர்த்தார்கள்.

இங்கே ஒரு நம்பர் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு படுக்கை இருக்கு. படுக்கை இல்லாமல் நம்பர் மட்டும் சொன்னால் அதற்குப் பேர் கிளி ஜோசியம். கிளியாவது ஒரு நெல்லோடு உள்ளே போய்விடும்.

நான் கேட்பது இவ்வளவுதான்

மெடிக்கல் டேட்டாவைத் தொடும் எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் மூன்று பக்கம் கட்டாயம் ஆகணும். ஒன்று, டேட்டாவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை. இரண்டு, த்ரெஷோல்டை யார் முடிவு செய்தார்கள், தப்பானால் அதன் செலவு யார் தலையில். மூன்று, ரிசல்ட் வந்த அடுத்த நிமிஷம் என்ன நடக்கும், யார் பக்கத்தில் இருப்பார்கள்.

கூடவே கைடு ஒருத்தர் நம்ம டிபார்ட்மென்ட் என்றால், இன்னொருத்தர் டாக்டராக இருக்கணும். இது பெரிய கனவு இல்லை. வட சென்னையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938-லிருந்து இருக்கு. அங்கே படிப்பவர்களும் நம்ம வயசுதான். அவர்களுக்குக் கோட் தெரியாது, நமக்கு நுரையீரல் தெரியாது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தத்துவத்துக்கு ஓர் எலெக்டிவ் வந்தால் நல்லது. அதுவரை மேலே இருக்கும் மூன்று கேள்வியே போதும்.

"சிலபஸே முடிய மாட்டேங்குது, இதுல இது வேறயா?" என்பது நியாயமான கேள்வி. என் பதில்: எங்கள் அக்யூரசியை 96-லிருந்து 97 ஆக்க மூன்று வாரம் செலவு செய்தோம். அதில் ஒரு நாள் எடுத்து ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் "பழைய தழும்பு" என்ற இரண்டு வார்த்தை கிடைத்திருக்கும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை ஸ்கூலில் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். மருத்துவத்துக்கு நாலு அங்கம்: நோயாளி, டாக்டர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நம்ம மாடலுக்கு இந்த நாலில் எந்த இடம் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. நாலு பேரில் யாருக்காவது உதவினால் அதற்கு வேலை இருக்கு. நாலு பேரும் இல்லாத இடத்தில் தனியாகப் பேச விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்க வீடே சாட்சி.

பெரியப்பா நல்லா இருக்கார். அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னாடா, உன் மிசினு இப்ப இன்னா சொல்லுது?" என்று ஒவ்வொரு தடவையும் கிண்டல் பண்ணுவார். ஃபைனல் ரிவியூவுக்கு அந்த மூன்று பக்கத்தை நாங்கள் எழுதிவிட்டோம். அக்யூரசி அதே 97தான், மாறவில்லை. ஃப்யூச்சர் ஸ்கோப்பில் இருந்த "மொபைல் ஆப்" வரியை மட்டும் எடுத்துவிட்டோம்.

போன வாரம் போனபோது பார்த்தேன், அந்த டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கு. பெரியம்மாவிடம் கேட்டதற்கு "எதுக்கும் இருக்கட்டும்டா" என்றார். நெகட்டிவ் ரிப்போர்ட் பீரோவில் இருக்கு. அவர் மனசில் இருப்பது நான் சொன்னது. உங்கள் டீமில் அடுத்த வாரம் ரிவியூ என்றால், பிபிடி திறப்பதற்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க: இந்த நம்பரை நான் யாரிடம் சொல்லப் போகிறேன், சொன்ன பிறகு அங்கே இருப்பேனா?