ஒரு சுருட்டும் ஐந்து ஜனாதிபதிகளும்

ஹவானாவில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பும் ஒரு கனடியப் பிரஜை, 48 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் வெளிநாட்டில் தங்கியிருந்தால், 50 சுருட்டுகளையும் 1.14 லீற்றர் ரம்மையும் தீர்வையின்றித் தனது நாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். அதே விமான நிலையத்திலிருந்து மயாமிக்குப் புறப்படும் அமெரிக்கரோ ஒரேயொரு கியூபாச் சுருட்டைக்கூடக் கொண்டுசெல்ல முடியாது. பொருள் ஒன்று, புறப்படும் இடம் ஒன்று, சட்டம் மட்டும் வேறு.

சுங்கச் சட்டங்களுக்கு நியாயமான நோக்கங்கள் உண்டு. அரசின் வருமானத்தைக் காப்பதும், மக்களின் நலத்தைப் பேணுவதும், பயணி என்ற போர்வையில் நடக்கும் வியாபாரத்தைத் தடுப்பதும் அவற்றுள் முதன்மையானவை. புகையிலையும் மதுவும் கேடு விளைவிப்பவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டொமினிக்கன் குடியரசிலிருந்து 100 சுருட்டுகளைத் தீர்வையின்றி அனுமதிக்கும் அமெரிக்கா, கியூபாவிலிருந்து ஒன்றைக்கூட அனுமதிக்க மறுக்கும்போது அங்கே பேசுவது சுகாதாரமும் அன்று, வருமானமும் அன்று. அரசியல்தான் பேசுகிறது.

இந்தத் தடையின் பிறப்பே ஒரு வேடிக்கையான கதை. 1962 பெப்ரவரியில் கியூபா மீதான முழு வர்த்தகத் தடையில் கையொப்பமிடுவதற்கு முன்னர், ஜனாதிபதி கென்னடி தமது ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்து, தாம் விரும்பிப் புகைக்கும் கியூபாச் சுருட்டுகளில் ஓராயிரத்தை உடனே தேடித் தருமாறு கேட்டார். மறுநாட் காலை 1,200 சுருட்டுகள் கிடைத்துவிட்டன என்று அறிந்த பின்னரே உத்தரவில் ஒப்பமிட்டார். இதனைப் பிற்காலத்தில் எழுதியவர் சாலிஞ்சரேதான். ஆள்பவர் தமக்கு வேண்டியதைச் சேமித்துக்கொண்டு பிறருக்குத் தடை விதித்த கதை இது. வேலி போட்டவரே முதலில் பயிரை மேய்ந்துவிட்டார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன் பின்னர் இச்சட்டம் அடைந்த மாற்றங்களைப் பாருங்கள். அனுமதி பெற்றுக் கியூபா சென்றோர் 100 டொலர் பெறுமதியான பொருட்களைக் கொண்டுவரலாம் என்றிருந்த சலுகையை 2004இல் புஷ் நிர்வாகம் நீக்கியது. வேறொரு நாட்டில் அமர்ந்து கியூபாச் சுருட்டைப் புகைப்பதுகூட அமெரிக்கருக்குக் குற்றமே என்றும் அவ்வாண்டில் நினைவூட்டப்பட்டது. ஒபாமா 2015 ஜனவரியில் மதுவுக்கும் புகையிலைக்குமாக 100 டொலர் வரை அனுமதித்தார். 2016 ஒக்டோபரில் அந்த எல்லையையும் நீக்கி, ஏனைய நாடுகளின் பொருட்களுக்குரிய சாதாரண விதிகளே போதும் என்றார். 2020 செப்டெம்பரில் ட்ரம்ப் கதவை மீண்டும் அடைத்தார். பைடன் 2022இல் பயணத்திலும் பணம் அனுப்புவதிலும் சில தளர்வுகளைச் செய்தாரேயன்றிச் சுருட்டையும் ரம்மையும் தொடவில்லை. ஒரு சுருட்டு சட்டபூர்வமானதா கள்ளத்தனமானதா என்பதை வெள்ளை மாளிகையில் குடியிருப்பவர் தீர்மானிக்கிறார். இப்படி ஆளுக்கொரு விதமாக மாறும் சட்டத்தை மக்கள் மதிப்பார்களா?

தடையை ஆதரிப்போரின் வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. கியூபாவில் சுருட்டு ஏற்றுமதி அரசின் பிடியில் உள்ளது. விவசாயி தன் புகையிலையின் பெரும்பகுதியை அரசுக்கே விற்க வேண்டியவன். ஆகவே சுருட்டுக்குச் செலுத்தும் பணம் ஒரு கட்சி ஆட்சிக்குப் போகிறது என்கிறார்கள். உண்மைதான். எனினும் ஐரோப்பாவும் சீனாவும் தடையின்றி அச்சுருட்டுகளை வாங்குகின்றன. 60 ஆண்டுகளுக்கு மேலான தடை ஆட்சியை மாற்றவில்லை. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை இத்தடையை நீக்கக் கோரித் தீர்மானங்களை நிறைவேற்றி வருகிறது, அதற்கும் பலனில்லை. தடையால் ஆதாயம் அடைந்தோரும் உள்ளனர். 'ஹவானா கிளப்' என்ற பெயரில் உலகின் ஏனைய பகுதிகளில் விற்பனையாவது கியூபாவின் ரம். அமெரிக்காவில் அதே பெயரில் பக்கார்டி நிறுவனம் விற்பதோ போர்ட்டோ ரிக்கோவில் தயாரானது.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளர் கைகளால் சுருட்டிக்கொண்டிருக்கையில், ஒருவர் மேடையில் அமர்ந்து பத்திரிகைகளையும் நாவல்களையும் உரத்து வாசிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. 'மொன்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயரே அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது. பத்திரிகைத் தொழிலில் தலைநரைத்த எனக்கு இச்செய்தி இனிக்கிறது. தடை அரசைக் குறிவைத்ததாக இருக்கலாம். ஆனால் அதன் பாரம் இத்தகைய தொழிலாளரின் முதுகிலும், தன் தந்தைக்கு ஒரு பெட்டி சுருட்டு வாங்கிவரும் மகனின் பையிலும் இறங்குகிறது.

தமிழருக்கு இது அந்நியமான செய்தியன்று. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நமது 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தது. யாழ்ப்பாணச் சுருட்டைத் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்து விற்று வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் சீமெந்தும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அன்று சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டியவர்கள் சாதாரண மக்களே. உயிர்வாழத் தேவையான பொருளும் சுருட்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஆட்சிகளின் பகையைப் பயணியின் பையில் தீர்த்துக்கொள்ளும் முறை ஒன்றே.

குளிர்காலத்தில் ரொறன்ரோவிலிருந்து வரடேரோ கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் பலர். திரும்பும் வழியில் அமெரிக்க விமான நிலையமொன்றில் இறங்க நேரிட்டால், கனடாவில் அனுமதிக்கப்பட்ட அதே சுருட்டும் ரம்மும் அங்கே பறிமுதலாகலாம். இவற்றை வாங்குவோர் நேரடி விமானத்தில் திரும்புவதே புத்தி.

எத்தனை சுருட்டு, எத்தனை லீற்றர் என்று அளவு விதிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. அந்த அளவை எல்லா நாட்டுப் பொருளுக்கும் ஒன்றாக விதிப்பதே நீதி. 2016இல் எட்டப்பட்ட அந்த நிலைக்கு அமெரிக்கா திரும்ப வேண்டும். பயணியின் பையைச் சோதிக்கும் சுங்க அதிகாரிக்கு அளவுகோல் போதும், பகைமை வேண்டியதில்லை.