எழுவாய் இல்லாத முடிவுகள்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பேசி முற்றாக்கிய கலியாணம் நின்றுபோனால், "கலியாணம் குழம்பிப்போச்சு" என்று வீட்டார் சொல்வர். கேட்டவர் அத்துடன் அமைவதில்லை. "ஆர் குழப்பினது?" என்பதே அடுத்த வினா. குழம்புதல் தன்வினை, குழப்புதல் பிறவினை. நன்னூலைக் கண்ணாலும் காணாத கிழவி, முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியை நன்கறிவாள். கற்றோர் நடத்தும் பத்திரிகைகளும் கற்றோர் எழுதும் வரலாறுகளும் அவ்வழியை மறந்துவிட்டன என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

முற்றுப்பெறாமல் முடியும் கருமங்களைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. முறிந்தது, முறித்தார், கலைந்தது, கலைத்தார், குலைந்தது, குலைத்தார்: ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போதே செய்தவன் வாக்கியத்துள் வந்து நிற்கிறான். இவை போதாவென்று அரபு வழிவந்த இரத்தும் பாரசீக வழிவந்த வாபசும் வேறு உள்ளன. இத்தனை செல்வத்தையும் வைத்துக்கொண்டு எழுதுவோர் விரும்பி எடுப்பது, 'கைவிடப்பட்டது' என்ற ஒன்றையே.

1957 யூலை 26ஆம் திகதி கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்க. அது 1958இல் 'கைவிடப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குச் செல்வோர் பலர். நடந்தது யாது? 1958 ஏப்பிரல் 9ஆம் திகதி கொழும்பு றொஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குமார் அமர்ந்து, ஒப்பந்தம் இனி இல்லை என எழுத்திலே தருமாறு கேட்டனர். பண்டாரநாயக்கா எழுதிக் கொடுத்தார். கேட்டோர் உளர்; கொடுத்தவர் உளர்; நாளும் இடமும் உள. வடக்கிலே நடந்த சிறீ எழுத்து எதிர்ப்பு இயக்கமே காரணம் என்று அரசின் பக்கத்தில் நியாயம் கூறப்பட்டதும் உண்டு. அந்நியாயம் பொருந்துமா என வாதிடுவதற்கும் முதலில் ஓர் எழுவாய் வேண்டும். 'கைவிடப்பட்டது' என்ற சொல் வாதத்துக்கே இடமளிப்பதில்லை. ஒப்பந்தம் முதுமையுற்றுத் தானே இறந்ததுபோல் ஆகிவிடுகிறது.

செயப்பாட்டுவினை ஆங்கிலம் தந்த நோய் என்று சிலர் இதற்கு மருந்து கூறுவர். அது தவறான மருந்து. 'படு' தமிழுக்குப் புதிதன்று. "பிரதமரால் கைவிடப்பட்டது" என எழுதினால் குறையொன்றுமில்லை. மூன்றாம் வேற்றுமை கருத்தாவைக் காட்டி நிற்கும். குற்றம் 'படு'வில் இல்லை, விழுங்கப்பட்ட 'ஆல்' உருபிலே உள்ளது.

இப்பழக்கம் கொழும்பு அரசுக்கு மட்டும் உரியதெனக் கொள்வது நேர்மையாகாது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ் நடந்த பேச்சுகளிலிருந்து, 2003 ஏப்பிரலில் விடுதலைப் புலிகள் தற்காலிகமாக விலகினர். அதற்கு வழங்கிய சொல் 'இடைநிறுத்தம்'. இடை என்றால் மறுகரை ஒன்று வேண்டும். 2006இல் ஜெனீவாவில் இரு தடவை சந்தித்தும் மறுகரை தென்படவில்லை. 2008 சனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து வெளியேறியபோது, அது 'முடிவுக்கு வந்தது' என்று எழுதினர். முடிவு எங்கிருந்து நடந்து வந்ததோ!

எல்லாவற்றிலும் கொடிய சொல் 'ஒத்திவைப்பு' என்பதே. நாள் குறிக்காத ஒத்திவைப்பு, இரத்துச் செய்தலின் நாகரிகப் பெயர். 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று 'ஒத்திவைக்கப்பட்டது'. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அவ்வாக்கியத்துக்கு எழுவாய் தந்தது: நிதியமைச்சராகவும் இருந்த சனாதிபதியும் தேர்தல்கள் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்த்தது. பத்திரிகைகள் ஒன்றரை ஆண்டாகக் கேளாத, கிழவி அன்றே கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு விடை அது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது.

மாகாணசபைக்கு அவ்வாறு எழுவாய் தருவார் இல்லை. 2013 செப்ரெம்பரில் தெரிவான வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2024 முடியும்வரை மறுதேர்தல் இல்லை. 'தாமதம்' என்றே எழுதிவந்தனர். 2017இல் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றிற்று. புதிய எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றேனும் இல்லை. அடுத்து மீளாய்வுக் குழு இரண்டு மாதங்களில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். குழு தரவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையைத் தோற்றுவித்தோர் ஆளுங்கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் பாராளுமன்றப் பதிவேட்டில் அச்சாகி உள்ளன.