சாவிக்கொத்து யார் இடுப்பில்?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியில் பெர்லின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. காகித ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். 2007 பிப்ரவரியில், அதிபர் வேட்பாளராகும் போட்டியில் இறங்கியிருந்த ஹிலாரி கிளின்டன் அங்கே வாக்காளர்களைச் சந்தித்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். இராக் போருக்கு அதிகாரம் கொடுத்து நீங்கள் போட்ட வாக்கு தவறுதான் என்று சுற்றிவளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுங்கள் என்றார். அதைச் சொல்லும்வரை நீங்கள் பேசும் மற்ற நல்ல விஷயம் எதுவும் எங்கள் காதில் ஏறாது என்றும் சொன்னார்.

கிளின்டன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் அப்படி வாக்களித்திருக்கவே மாட்டேன் என்றார். தவறு அதிபர் புஷ்ஷுடையது என்றார். ஒரு வாரம் கழித்து அதே மாநிலத்தின் டோவர் நகரில் இன்னும் விறைப்பாகவே பேசினார். இந்த ஒரு வாக்குதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது என்றால், தேர்ந்தெடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அயோவாக்காரர்கள் அப்படியே செய்துவிட்டார்கள். 2008 ஜனவரி 3 அன்று அந்த மாநிலத்தில் நடந்த வேட்பாளர் தேர்வில் ஒபாமா முதலிடம், ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், கிளின்டன் மூன்றாமிடம். இதில் எட்வர்ட்ஸும் அதே வாக்கைப் போட்டவர்தான். ஆனால் 2005 நவம்பரிலேயே, நான் செய்தது தவறு என்று பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். கிளின்டன் அதை ஒப்புக்கொண்டு எழுத 2014 வரை ஆயிற்று.

அந்த பெர்லின் வாக்காளரின் கேள்வி நியாயமானது. ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியை அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் யாரும் அழுத்திக் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் அந்த வாக்கு என்ன என்று பார்த்துவிடுவோம். 2002 அக்டோபர் 10 அன்று பிரதிநிதிகள் அவையில் 296க்கு 133 என்று தீர்மானம் நிறைவேறியது. நள்ளிரவு தாண்டி செனட்டில் 77க்கு 23. அது போர்ப் பிரகடனம் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றம் கடைசியாகப் போர்ப் பிரகடனம் செய்தது 1942இல். இந்தத் தீர்மானம் சொன்னது வேறு: அதிபர் தேவை என்றும் பொருத்தம் என்றும் கருதுகிறபடி இராக் மீது படையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கருதுகிறவர் அவர், கையெழுத்து மட்டும் இவர்களுடையது.

அதனால்தான் பின்னாளில், நான் போருக்கு வாக்களிக்கவில்லை, அதிபரின் கையை வலுப்படுத்தவே வாக்களித்தேன் என்று வேட்பாளர்கள் சொல்லும்போது அது முழுப் பொய்யாக இருப்பதில்லை. தீர்மானமே இரண்டு பக்கமும் பேசத் தோதாக எழுதப்பட்டது. போர் வென்றால் நானும் இருந்தேன். தோற்றால் நான் சொன்னது அதுவல்ல. 2004இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜான் கெர்ரி இதில் வசமாக மாட்டிக்கொண்டார். போருக்கு அதிகாரம் தந்த அவர், அடுத்த ஆண்டு இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்குமான 8,700 கோடி டாலர் நிதியை எதிர்த்து வாக்களித்தார். எதிர்ப்பதற்கு முன்னால் நான் அதை ஆதரித்துத்தான் வாக்களித்தேன் என்று 2004 மார்ச்சில் அவர் விளக்கம் சொன்னதும், குடியரசுக் கட்சிக்கு வேறு விளம்பரமே தேவைப்படவில்லை. அவரைக் கேலி செய்யக் கூட்டங்களில் ரப்பர் செருப்புகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் அந்தச் செருப்புக்கும் மாற்றி மாற்றிப் பேசுகிறவருக்கும் ஒரே பெயர்.

ஆனால் கிளின்டனின் விளக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. ராஜதந்திரத்துக்கு வலுச்சேர்க்கத்தான் வாக்களித்தோம் என்றால், அதற்கென்றே ஒரு மாற்று அன்று அவையில் இருந்தது. மிச்சிகன் செனட்டர் கார்ல் லெவின் கொண்டுவந்த திருத்தம் அது. முதலில் ஐ.நா.விடம் போ, ஐ.நா. மறுத்தால் மறுபடி எங்களிடம் வா என்பது அதன் சாரம். 24க்கு 75 என்று அது தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் கிளின்டனும் ஒருவர். மேடை விவாதங்களில் 77க்கு 23 பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ ஆளை அளக்க 24க்கு 75தான் நல்ல படி என்று தோன்றுகிறது. போர் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல அங்கே கேள்வி. முடிவெடுக்கும் கடைசி உரிமையை நீயே வைத்துக்கொள்கிறாயா, தூக்கிக் கொடுத்துவிடுகிறாயா என்பதே கேள்வி.

இன்னொரு சோதனையும் அந்த நாட்களில் நடந்தது. இராக்கின் ஆயுதங்கள் பற்றி உளவுத்துறைகள் சேர்ந்து தயாரித்த ரகசிய மதிப்பீடு ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. தொண்ணூறு பக்கங்களுக்குச் சற்று மேல். வெளியே எடுத்துப் போக முடியாது. காவல் உள்ள அறைக்குப் போய் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அணுகுண்டுத் திட்டத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அலுமினியக் குழாய்கள் அதற்கானவை அல்ல என்று எரிசக்தித் துறை வல்லுநர்கள் ஐயப்பட்டது அதில் இருந்தது. வெளியுறவுத் துறையின் சொந்த உளவுப் பிரிவின் மறுப்பும் இருந்தது. சுருக்கத்தைத் தாண்டி முழுவதையும் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பிறகு செய்தி வந்தது. நூறு பேர் உள்ள அவையில் ஆறு பேர்! ஒரு நாட்டின் மீது படையெடுக்க அனுமதி கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் தொண்ணூறு பக்கம் படிக்க ஒரு மாலைப்பொழுது போதாதா? வீட்டுப் பத்திரம் முடிக்கிறவன்கூட வில்லங்கச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்கிறான்.

படித்தவர்களில் ஒருவர் புளோரிடாவின் பாப் கிரஹாம். செனட் உளவுக் குழுவின் தலைவர். படித்தார், எதிர்த்து வாக்களித்தார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நிற்கவும் புறப்பட்டார். ஒரு மாநிலத்தில்கூட வாக்குப்பதிவு தொடங்குமுன்பே, 2003 அக்டோபரில், ஆதரவு திரளாமல் விலகிக்கொண்டார்.

ஏன் இத்தனை பேர் கையைத் தூக்கினார்கள் என்பதற்கு 1991க்குப் போக வேண்டும். வளைகுடாப் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் அந்த ஜனவரியில் செனட்டில் 52க்கு 47 என்று மயிரிழையில் தப்பியது. கெர்ரி, பைடன் இருவரும் எதிர்த்தார்கள். ராணுவ விவகாரங்களில் கட்சியின் பெரிய குரலாக இருந்த சாம் நன்னும் எதிர்த்தார். போர் சில வாரங்களில் வெற்றியாக முடிந்தது. நன்னின் அதிபர் கனவுக்கு அந்த வாக்கே பெரிய முட்டுக்கட்டை என்று பேசப்பட்டது. ஆதரித்து வாக்களித்த அல் கோர் 1992இல் துணை அதிபர் வேட்பாளரானார். ஜனநாயகக் கட்சியினர் இதிலிருந்து பாடம் கற்றார்கள், தேவைக்கு மேலேயே கற்றார்கள். 2002இன் பட்டியலைப் பாருங்கள். அதிபர் ஆசை கொண்டிருந்த கெர்ரி, எட்வர்ட்ஸ், லீபர்மேன், கெப்ஹார்ட், பைடன், டாட், கிளின்டன் எல்லோருமே ஆதரவு. கிரஹாமையும் பிரதிநிதிகள் அவையின் குசினிச்சையும் விட்டால், அன்று அவைகளில் இருந்து ஆசைப்பட்ட அக்கட்சியினர் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பக்கம். இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம், நான்கு வாரத்தில் கடும் போட்டியுள்ள தேர்தலைச் சந்திக்கவிருந்த மின்னசோட்டாவின் பால் வெல்ஸ்டோன் எதிர்த்தே வாக்களித்தார். அக்டோபர் 25 அன்று விமான விபத்தில் இறந்துபோனதால் அந்தத் துணிச்சலுக்கு வாக்காளர் என்ன விலை வைத்தார்கள் என்பது தெரியாமலே போனது.

வாக்குப் பதிவேடு சொல்லாத ஒன்றும் உண்டு. 2008இலும் 2016இலும் வென்ற இருவருக்கும் இந்த விஷயத்தில் பதிவே கிடையாது. ஒபாமா 2002இல் இல்லினாய் மாநில அவையில் இருந்தார். அக்டோபர் 2 அன்று சிகாகோவில் போரை எதிர்த்துப் பேசினார், அது அவருக்குப் பெருமைதான். ஆனால் செனட்டர் ஆன பின் 2007 மே வரை போருக்கான நிதிக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்துவந்தார். டிரம்ப்போ தான் தொடக்கத்திலிருந்தே எதிர்த்ததாகச் சொன்னார். 2002 செப்டம்பரில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் படையெடுப்பை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது, ஆமாம் என்றுதான் நினைக்கிறேன் என்று அரைமனதாக அவர் சொன்ன ஒலிப்பதிவு இருக்கிறது. பெர்னி சாண்டர்ஸின் பதிவும் அவர் ஆதரவாளர்கள் காட்டுகிற அளவுக்கு ஒரே நிறம் அல்ல: 1991, 2002 இரண்டு போர்த் தீர்மானங்களையும் எதிர்த்தார், 1999இல் கொசோவோ விமானத் தாக்குதலை ஆதரித்தார், செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்துப் படைக்கு அனுமதி தந்த 2001 செப்டம்பர் தீர்மானத்தையும் ஆதரித்தார். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு போரையும் தனித்தனியே எடைபோடுவதுதான் முறை.

2016 விவாதத்தில் சாண்டர்ஸ் இராக் வாக்கைக் கிளப்பியபோது, 2002இன் ஒரு வாக்கு ஐஎஸ் அமைப்பை வீழ்த்தும் திட்டம் ஆகிவிடாது என்று கிளின்டன் மடக்கினார். பதிலில் விஷயம் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் அமெரிக்கா எந்தச் சட்டத்தின் கீழ் ஐஎஸ் மீது குண்டு போட்டுக்கொண்டிருந்தது? ஐஎஸ் என்ற அமைப்பே இல்லாத 2001இல் நிறைவேறிய தீர்மானத்தின் கீழ். துணைக்கு, எந்த வாக்கு பழங்கதை என்று மேடையில் சொல்லப்பட்டதோ அதே 2002 இராக் தீர்மானம். அதைக் கையில் எடுத்தவர், அதை எதிர்த்தே அதிபரான ஒபாமா. புதிய தீர்மானத்துக்கு 2015 பிப்ரவரியில் ஒரு வரைவை அனுப்பினார்; நாடாளுமன்றம் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இரு தரப்புக்கும் அது வசதி.

நான் சொன்ன மீதிப் பாதிக் கேள்வி இங்கேதான் இருக்கிறது: அதிகாரம் உன் கைக்கு வந்தபின் நீ அனுமதி கேட்பாயா? கூட்டுக்குடும்பங்களில் மாமியார் இடுப்பில் தொங்கும்போது சாவிக்கொத்தைப் பற்றி ஆயிரம் நியாயம் பேசும் மருமகள், அது தன் இடுப்புக்கு வந்ததும் வாய் திறக்க மாட்டாள் என்பார்கள். 2007 டிசம்பரில் வேட்பாளர் ஒபாமா ஒரு நாளிதழுக்குத் தெளிவாகப் பதில் எழுதினார்: உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கு அல்லாமல் தன்னிச்சையாகப் படை நடத்த அதிபருக்கு அரசமைப்பில் அதிகாரம் இல்லை. 2011 மார்ச்சில் அதிபர் ஒபாமா நாடாளுமன்ற அனுமதி இன்றி லிபியா மீது விமானங்களை அனுப்பினார். போர் அதிகாரங்கள் பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாளில் அனுமதி பெற வேண்டும். இது அந்தச் சட்டம் சொல்லும் சண்டை வகையே அல்ல என்று அவருடைய சட்ட ஆலோசகர்கள் வாதாடினார்கள். பிரதிநிதிகள் அவை அந்த ஜூனில் செய்தது அதைவிட வேடிக்கை. அனுமதி தரும் தீர்மானத்தை 123க்கு 295 என்று தோற்கடித்தது. அதே நாளில் நிதியைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் தோற்கடித்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பைடன் கதையும் அதுவே. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் புஷ் ஈரானைத் தாக்கினால் பதவிநீக்க நடவடிக்கை எடுப்பேன் என்று 2007இல் எச்சரித்தவர், 2024 ஜனவரியில் யேமனின் ஹூதிகள் மீது தாக்குதல் நடத்த நாடாளுமன்ற அனுமதியைத் தேடவில்லை. இராக் போரைப் பெருந்தவறு என்று 2016இல் தன் கட்சி மேடையிலேயே முழங்கிய டிரம்ப், 2020இல் ஈரான் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்றதற்கு அந்த இராக் தீர்மானத்தையே ஆதாரம் காட்டினார். 2025 ஜூனில் ஈரானின் ஃபர்தோ, நத்தன்ஸ், இஸ்ஃபஹான் அணுநிலையங்களைத் தாக்கியபோது அதற்கு முன் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. பிறகு வாக்கெடுப்புக்கு வந்த தடைத் தீர்மானம் செனட்டில் 47க்கு 53 என்று தோற்றது.

அதிபருக்கு வேகம் வேண்டாமா என்பார்கள். நாட்டைத் தாக்கினால் திருப்பித் தாக்க 1973 சட்டமே வழிவிடுகிறது. லிபியாவில் அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று இன்றுவரை யாரும் எனக்குப் புரியும்படி சொன்னதில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும், அமெரிக்க வாக்காளரிடம் ஒரு ஏடு இருக்கிறது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. 1987 ஜூலையில் இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போனது. சுமார் 1,200 வீரர்கள் திரும்பி வரவில்லை. ஈழத் தமிழர்கள் பட்டது தனிக் கணக்கு. அதை அனுப்ப நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அன்று நீங்கள் எந்தப் பக்கம் கைதூக்கினீர்கள் என்று நம் ஊர் எம்.பி. யாரையும் நாம் கேட்க முடியாது.

ஏடு உள்ளவர்களாவது சரியாகப் புரட்டட்டும். வேட்பாளரிடம் அன்று எப்படி வாக்களித்தாய் என்பதோடு, அதற்கு முன் என்ன படித்தாய் என்றும் கேட்கலாம். நீ ஜெயித்தால் மிச்சமிருக்கும் பழைய தீர்மானத்தை ரத்து செய்யக் கையெழுத்திடுவாயா, எந்தத் தேதிக்குள் என்றும் கேட்கலாம். 2002 தீர்மானத்தையும் 1991 தீர்மானத்தையும் ரத்து செய்ய 2023 மார்ச்சில் செனட் 66க்கு 30 என்று வாக்களித்தது, 2025 டிசம்பரில் அவை இரண்டும் ரத்தாகியும்விட்டன என்பதால் இது நடக்காத காரியம் அல்ல. கடினமானது 2001 செப்டம்பர் தீர்மானம். அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் 60 சொற்கள். அதில் எதிரி என்று எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் அவையில் 420க்கு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்து, போலீஸ் காவலோடு நடமாட வேண்டியிருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2024இல் செனட்டுக்குப் போட்டியிட்டு முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்று, 2025 ஜனவரியில் அவையை விட்டுப் போனார். அந்த 60 சொற்களும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.