கோழி உருண்டையில் கோழி எவ்வளவு?

நீண்ட பதிவு. சமையலில் தொடங்கிச் சொல்லாராய்ச்சிக்குப் போய் மீண்டும் அடுப்படிக்கே திரும்புகிறது. பொறுமை உள்ளோர் தொடர்க.

சென்ற பிப்ரவரியில் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9 என்ற இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார். நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார். எனக்கு வயது இருபத்தெட்டு. மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டு. நூலகம் மூடியபின் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசிச் செயலியில் எதையாவது வரவழைத்து, மடிக்கணினித் திரையைப் பார்த்தபடியே தின்று முடிப்பதுதான் அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் நான் கண்ட இரவுச் சாப்பாடு. தில்லியில் தனித்து வாழும் ஆய்வாளர் பலருக்கும் இது புதிய செய்தியாக இராது.

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலைப்பு: மத்தியதரைக்கடல் உணவுமுறை. ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன், கினோவா, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி என்று பட்டியல் நீண்டது. கினோவா ஆண்டீஸ் மலைத்தொடரின் தானியம். சால்மனோ மத்தியதரைக்கடலுக்கு உரிய மீனன்று. அது கிடக்கட்டும். வேலைநாள் இரவுகளுக்கென்று அதில் ஒரு செய்முறையும் இருந்தது: கோழிக் கொத்துக்கறி உருண்டை. நெஞ்சுக்கறி மட்டும் எடுக்கவேண்டும், ரொட்டி சேர்க்கவே கூடாது, எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

எழுத்துப் பிசகாமல் செய்து பார்த்தேன். வந்தவை அழிப்பான்கள். என் அறைத்தோழி கோழிக்கோட்டுக்காரர், வரலாற்றுத் துறை ஆய்வாளர். ஒன்றைத் தின்றுவிட்டு, இரண்டாவதை ஊறுகாயோடு வென்று முடித்து, "ஆய்வு முடிவு எதிர்மறையானாலும் முடிவுதான்" என்று ஆறுதல் சொன்னார்.

அந்தத் தாள் தலைகீழாக எழுதப்பட்டது என்பதே என் வாதம். எதை நீக்கச் சொன்னதோ அதுதான் அந்த உணவின் உயிர். கோழி உருண்டையை நலமுள்ளதாக ஆக்குவது கோழியன்று, கோழியல்லாத பகுதி.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். ஆங்கிலம் இப்பண்டத்தை 'மீட்பால்' என்கிறது. பொருளையும் வடிவத்தையும் ஒட்டி வைத்த பெயர். இறைச்சிதான் பண்டம், உருண்டை அதன் உருவம். மத்தியதரைக்கடலின் கிழக்குக் கரையில் வழங்கும் சொற்களின் தர்க்கம் வேறு. துருக்கியில் கோஃப்தே, அரபியில் கஃப்தா, கிரேக்கத்தில் கெஃப்தேதெஸ், நம் வடநாட்டில் கோஃப்தா: அனைத்தும் பாரசீகத்தின் 'கூஃப்தன்' என்னும் வினைக்குக் கொண்டு செல்கின்றன. இடித்தல் என்று பொருள். கோஃப்தா என்றால் இடிக்கப்பட்டது, அவ்வளவே. எது இடிக்கப்பட்டது என்று அச்சொல் சொல்வதில்லை. ஸ்பானியமோ அளவைப் பார்த்தது: அல்போன்திகா என்பது அரபியின் அல்-புந்துக் என்னும் கொட்டையின் பெயர். அந்தப் புந்துக்கும் கருங்கடற்கரையின் பழம்பெயரான போந்தோஸிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. நம்முடைய 'கொத்துக்கறி' பாரசீகத்தைப் போலவே செயலைச் சொல்லும் சொல். (கொத்து, கோஃப்தா, கோளா என்று ஒலி ஒப்புமை கண்டவுடன் வேர்ச்சொல் வேட்டைக்குப் புறப்படும் அன்பர்கள் தயைகூர்ந்து அமரவும். இந்தப் பதிவின் பின்னூட்டத்தில் அது வேண்டாம்.)

பெயர் செயலைச் சொல்வதால் சொல்லின் எல்லை விரிகிறது. கிரேக்கத்தில் கொண்டைக்கடலையாலும் சுரைக்காய் இனத்து சுக்கினியாலும் கெஃப்தேதெஸ் உண்டு. சாந்தொரினித் தீவில் தக்காளிக் கெஃப்தேதெஸ் பெயர்பெற்றது. துருக்கியின் மெர்ஜிமெக் கோஃப்தேசி மைசூர்ப் பருப்பும் புல்கூர் கோதுமையும் சேர்ந்தது. அங்கே கடைகளில் இன்று விற்கும் 'சீ கோஃப்தே', அதாவது பச்சைக் கோஃப்தே, ஒருகாலத்தில் பச்சை இறைச்சியால் ஆனது. இன்றைய கடைப்பண்டத்தில் இறைச்சியே இல்லை, ஆனாலும் பெயர் மாறவில்லை. 'இறைச்சி உருண்டை' என்று பெயரிட்டிருந்தால் இந்த நெகிழ்ச்சி கைகூடியிருக்காது. இறைச்சி கூடக்கூட நல்லது, ரொட்டி கலப்படம் என்று எண்ணுகிறவர், அறியாமலே ஆங்கிலப் பெயரின் பிடியில் இருந்து எண்ணுகிறார் என்பது என் ஐயம். மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்ற பழைய வாதத்தை நான் முழுதாக ஏற்பவளல்லள். ஆயினும் சமையற்குறிப்புகளில் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் போலிருக்கிறது.

இனி, மத்தியதரைக்கடல் உணவுமுறை என்பது எது? அமெரிக்க உடலியங்கியலாளர் ஏன்செல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் தீவு ஆண்களிடம் மாரடைப்பு மிகக் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் உண்டவை ரொட்டி, பருப்பு, கீரை, பழம், ஏராளமான ஆலிவ் எண்ணெய். இறைச்சி அரிது. அத்தீவு மக்களின் வாழ்நிலையை அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1948-இல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக லேலண்ட் ஆல்பா ஆராய்ந்திருந்தார். போரும் ஆக்கிரமிப்பும் கடந்த ஏழைத் தீவு அது. தம் உணவில் மனநிறைவு இல்லை, இறைச்சி கூடுதலாக வேண்டும் என்று பலர் அவரது குழுவினரிடம் கூறினர். இன்று உலகுக்கே மருந்தாகப் பரிந்துரைக்கப்படும் தட்டை, அதை உண்டவர்கள் விரும்பி ஏற்றிருக்கவில்லை.

வறுமையை நலவாழ்வு என்று போற்றும் அபாயம் இங்கே உண்டு என்பதை அறிவேன். கேழ்வரகுக் கூழைப் பற்றி நகரத்தார் உருகி எழுதும்போது என் பாட்டி முகம் சுளிப்பார். அவருக்கு அது பசியின் சுவை. ஆகவே 'ஏழைகளைப் போல உண்போம்' என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது வேறு: இறைச்சி வேண்டும் என்ற ஆசையும் இறைச்சி இல்லை என்ற நிலையும் ஒரே சட்டியில் சந்தித்தபோது பிறந்த தீர்வு இந்த உருண்டை. கால் கிலோ கறியை நேற்றைய ரொட்டியோடும் வெங்காயத்தோடும் தழையோடும் பிசைந்து ஒரு குடும்பத்துக்கு ஆக்கிய கைகளின் அறிவு அது. அந்த ரொட்டியைப் பிடுங்கிவிட்டு, உருண்டை ஒன்றுக்கு இத்தனை கிராம் புரதம் என்று கணக்கெழுதி, அதற்கு மத்தியதரைக்கடல் என்று பெயரும் சூட்டுவது வரலாற்றுப் பிழை. சமையற்பிழையும் ஆகும்.

சமையற்பிழை எப்படி என்றால், கொத்தின கறியில் உப்பிட்டுப் பிசையும்போது புரதம் கரைந்து பசையாகிறது. உருண்டை உடையாமல் நிற்பது அதனால்தான். ஆனால் சூடேறியதும் அதே புரதம் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. ஆட்டுக்கறியில் கொழுப்பு அதை ஓரளவு ஈடுசெய்யும். கோழி நெஞ்சில் அதுவும் இல்லை. நனைத்த ரொட்டியின் மாவுச்சத்து புரத இழைகளின் இடையே புகுந்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது, நீரையும் பிடித்து வைக்கிறது. இதையெல்லாம் தொலைபேசியில் அம்மாவிடம் விரிவுரையாகவே ஆற்றினேன். அம்மா காரைக்குடிப் பக்கத்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "நம்ம கோளா உருண்டைக்குப் பொட்டுக்கடலையைப் பொடிச்சுப் போடுவோமே, அந்தக் கதைதானடி? இதுக்கா அவ்வளவு படிச்சே?" என்றார்.

என் முறை இது, நால்வருக்கு. கோழித் தொடைக்கறி 400 கிராம், கொத்தியது. கடைக்காரர் நெஞ்சுக்கறியைத்தான் முதலில் எடுப்பார், தொடை என்று வற்புறுத்துங்கள். ஒரு மட்டத் தேக்கரண்டி உப்போடு இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்து ஒட்டும் பதம் வந்தபின்தான் மற்றவை சேரவேண்டும். வரிசை மாறினால் உருண்டை உதிரும். புல்கூருக்குப் பதில் நான் சம்பா கோதுமை ரவை எடுக்கிறேன். புல்கூர் முன்பே வேகவைத்து உலர்த்தியது, நம் ரவை அப்படியன்று. எனவே குழைய வேகவைத்து ஆறவைத்த ரவை ஒரு கிண்ணம். எனக்குச் சர்க்கரைக் கவலை இருப்பதால் வெள்ளை ரொட்டியைத் தவிர்த்தேன், ரவையின் வேலையும் அதுவே. ஒரு கட்டுப் பசலைக்கீரையைக் கொதிநீரில் வாட்டி, கைவலிக்கப் பிழிந்து, பொடியாக நறுக்கிச் சேர்க்கவேண்டும். ஒரு வெங்காயத்தைத் துருவி அதையும் பிழியவேண்டும். பூண்டு, புதினா, கொத்தமல்லித் தழை, எலுமிச்சைத் தோல் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகப்பொடி. பீட்சாவோடு வந்து இழுப்பறையில் சேர்ந்துகிடக்கும் ஆரிகனோப் பொட்டலங்களுக்கும் இங்கே விடுதலை கிடைக்கும். இருபத்துநான்கு உருண்டை வரும். ஆளுக்கு ஆறு என்றால், தலைக்கு நூறு கிராம் கறி.

ஓவன் இருந்தால் 200 பாகையில் இருபது நிமிடம். எங்களிடம் இல்லை. அம்மா கட்டாயப்படுத்தி மூட்டையில் வைத்தனுப்பிய பணியாரக்கல், மூன்றாண்டுகளாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது, இதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது. குழிக்கு நான்கு சொட்டு எண்ணெய், மிதமான தீ, மூடி, பக்கத்துக்கு ஐந்து நிமிடம். ஒன்றைப் பிளந்து பார்த்து உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெப்பமானி உள்ளவர்களுக்கு நடுப்பகுதி 74 பாகை. கோழியில் இதற்குச் சலுகை கிடையாது.

தக்காளிச் சாற்றில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் வேறொரு உணவாகும். சீரகம் மணக்க, தக்காளியில் ஊறிய நீள்உருண்டைகளைக் கிரேக்கர் 'சுட்சுகாகியா' என்பர். ஸ்மிர்னா நகரத்து உணவு, இன்றைய இஸ்மிர். 1922-இல் அந்நகர் எரிந்து, மறு ஆண்டில் மக்கள்தொகைப் பரிமாற்ற ஒப்பந்தம் வந்து, அனத்தோலியக் கிரேக்கர் அகதிகளாகக் கடல் கடந்தபோது அவர்களோடு வந்தது. பெயரின் முற்பகுதி துருக்கியின் 'சுஜுக்' என்னும் இறைச்சிக்குழல், பிற்பகுதி கிரேக்கக் குறுமை விகுதி. ஊரை இழந்தவர்கள் சொல்லைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

எண்ணெயைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். ஆலிவ் எண்ணெய்க்குச் சான்று உண்டு. ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரைக் கொண்டு நடந்த ப்ரெடிமெட் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் பிழை கண்டு 2018-இல் ஆசிரியர்களே திரும்பப் பெற்று, மறுபகுப்பாய்வு செய்து மீண்டும் வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்து இம்முறைப்படி உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைவு என்ற முடிவு பெரிதும் நின்றது. ஆனால் அவர்கள் ஐம்பத்தைந்து வயது கடந்த, ஆபத்துக் காரணிகள் கொண்ட ஸ்பானியர்கள். கடலை எண்ணெய்க்கும் அதே பயன் உண்டு என்று அந்த ஆய்வைக் காட்டி நான் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது, மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு செய்யும் நண்பரிடம் லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் புட்டியை முதல் நிபந்தனையாக வைக்கும் தாள், அவரை அந்த உணவுமுறையிலிருந்து வெளியேற்றும் தாள். கடலை எண்ணெயில் வதக்குங்கள். கீரையையும் பருப்பையும் விடாதீர்கள். ஆலிவ் எண்ணெய் என்றேனும் வாய்த்தால் தயிர்ப்பச்சடியின் மேல் பச்சையாக ஊற்றிக்கொள்ளுங்கள். பூண்டும் வெள்ளரியும் போட்ட அந்தப் பச்சடி கிரேக்கத்தில் ட்சாட்சீகி, துருக்கியில் ஜாஜிக்.

'டயட்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல் 'தியாய்தா'. வாழும் முறை என்று பொருள். யுனெஸ்கோ 2010-இல் இதைப் பண்பாட்டு மரபாகப் பதிந்தபோதும் பயிரிடுதல், சமைத்தல், சேர்ந்துண்ணல் எல்லாவற்றையும் சேர்த்தே பதிந்தது. என் தாளில் இல்லாமற்போனது இதுதான். ஏழரை மணிக்கு நூலகத்தை விட்டு எழுவது எங்கள் துறையில் ஏறக்குறைய ஒழுக்கக் குறைவு. ஆண் ஆய்வாளர்கள் பலருக்குச் சமைத்துப் போட யாரோ இருக்கிறார்கள். அந்த 'யாரோ'வின் பெயர் நன்றியுரையின் கடைசிப் பத்தியில் வரும். எங்கள் மூவருக்கும் அப்படி ஒருவர் இல்லை. எனவே செவ்வாயும் வியாழனும் முறைவைத்துச் சமைக்கிறோம். மூன்றாமவரின் அறையில்தான் கோழி. எங்கள் வீட்டுக்காரர் கறி சமைக்கக் கூடாதென்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். முனிர்காவின் மூன்று சந்துகளைப் பணியாரக்கல்லோடு கடந்து போகிறோம்.

ஆகஸ்டில் மறுபரிசோதனை: 5.6. இதற்கு உருண்டைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதே மாதங்களில் நடக்கவும் தொடங்கினேன், பதினொரு மணிக்கு முன்பே உறங்கவும் தொடங்கினேன். மாறிகளைப் பிரித்தறிய வழியில்லை. நாளை வியாழன், சமைக்கும் முறை என் அறைத்தோழியுடையது. கீரையைப் பிழிய அவருக்குப் பொறுமை போதாது. அதற்கு மட்டும் நான் ஏழு மணிக்கே போயாக வேண்டும்.